வண்டிக்குக் கையொப்பமிடுவார் யார்?

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

நமக்கு முன் பேசியோர் இலக்கியச் சுவையை ஊட்டினர். சிறுவர் சிறுமியர் ஆடலாலும் பாடலாலும் நம் உள்ளத்தைக் கவர்ந்தனர். இவற்றினிடையே டயரும் பிரேக்கும் பற்றிப் பேச எழுந்து நிற்பது, விருந்தின் நடுவே மருந்து பரிமாறுவது போலத் தோன்றலாம். எனினும் செயற்குழுவினர் ‘ஊருக்குச் செல்லும் வண்டியை ஆயத்தம் செய்தல்’ என்னும் தலைப்பை நமக்கு அளித்ததற்குக் காரணம் உண்டு. பொங்கல் நெருங்குகிறது. சனத்நகர்த் தமிழ்க் குடும்பங்களில் பல, இவ்வாண்டும் சொந்தக் காரிலேயே ஊருக்குப் புறப்படவிருக்கின்றன.

முன்னாளில் ஊர்ப் பயணம் என்றால் ரயில் பயணமே. சென்னைப் பக்கத்தாருக்குச் சார்மினார் விரைவு வண்டி. சேலம், ஈரோடு, கோவைப் பக்கத்தாருக்குச் சபரி விரைவு வண்டி. இன்றும் அவ்வண்டிகள் ஓடுகின்றன. இடம் கிடைப்பதுதான் அரிதாகிவிட்டது. முன்பதிவுக் காலம் 120 நாள் என்றிருந்தது 2024 நவம்பர் 1 முதல் 60 நாள் ஆயிற்று. அறுபதாம் நாள் காலையில் முன்பதிவு தொடங்கிய சிறு பொழுதிற்குள் பண்டிகை நாள் வண்டிகள் நிறைந்துவிடுகின்றன. அதன்பின் பலர் நம்மிடம் வந்து, ‘நீங்கள் ரயில்வேயில் இருப்பவர்தாமே?’ என்று கேட்பதுண்டு. நிறைந்த வண்டியில் இடம் உண்டாக்கும் வித்தை ரயில்வே குமாஸ்தாவுக்கும் தெரியாது என்பதை இம்மேடையிலேயே அறிவித்துக்கொள்கிறோம்.

ஆகவே கார். மதுரைக்குச் செல்வோர்க்கு இங்கிருந்து ஏறக்குறைய 1,000 கி.மீ.; நெல்லைச் சீமைக்கு அதனினும் 150 கி.மீ. மிகுதி. கர்நூல், அனந்தப்பூர், பெங்களூரு, கிருஷ்ணகிரி, சேலம் வழியாகச் செல்லும் இச்சாலை, சீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை நீளும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. சென்னைக்குச் செல்வோர் விஜயவாடா, நெல்லூர் வழியைப் பிடிப்பர். அதுவும் 600 கி.மீ.க்கு மேற்பட்டதே.

நாம் பணியாற்றுவது மேசையடியில். ஸ்பானர் பிடித்துப் பிழைப்பவர் அல்லோம். ஆயினும் ரயில்வேயில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர் எவரும் ஒன்றைக் கண்ணாரக் கண்டிருப்பர். ஒரு விரைவு வண்டி புறப்படுமுன் அதனைப் பலர் தொட்டுப் பார்க்கின்றனர். வண்டிப் பரிசோதகரும் அவர்தம் உதவியாளரும் பெட்டி பெட்டியாகக் குனிந்து சக்கரம், வில், இணைப்பு, பிரேக் கட்டை ஒவ்வொன்றையும் நோக்குகின்றனர். முற்காலத்தில் நீண்ட பிடியுள்ள சுத்தியலால் சக்கரத்தைத் தட்டி ஓசை கேட்பது வழக்கம். நல்ல சக்கரம் மணி போல் ஒலிக்கும்; விரிசல் கண்டது கம்மிய குரல் காட்டும். எஞ்சினிலிருந்து கடைசிப் பெட்டி வரை காற்றழுத்தம் சென்று சேருகிறதா என்று சோதித்தபின், பிரேக் சக்திச் சான்று என்றொரு தாள் எழுதப்படுகிறது. புறப்படும் நிலையத்தில் விரைவு வண்டியின் பிரேக்குகள் நூற்றுக்கு நூறு வேலை செய்தல் வேண்டும், தொண்ணூற்றொன்பது போதாது. அத்தாளில் பரிசோதகர் கையொப்பமிடுவார். ஓட்டுநர் கையொப்பமிடுவார். 2022 முதல் ரயில் மேலாளர் என்று பெயர் பெற்றுள்ள கார்டும் கையொப்பமிடுவார். சான்று இல்லையேல் வண்டி நகராது. உள்ளே அமைச்சரே அமர்ந்திருப்பினும் நகராது.

நம் வீட்டுக் காருக்கு இத்தகைய தாள் உண்டா? வாடகைக்கு ஓடும் வண்டிக்காவது தகுதிச் சான்று உண்டு. முதல் 8 ஆண்டுகளில் இரண்டாண்டுக்கு ஒரு முறையும், பிறகு ஆண்டுதோறும் அதனை ஆய்வுக்குக் கொண்டு நிறுத்தியாக வேண்டும். சொந்தக் காருக்கோ, பதிவு செய்த நாளிலிருந்து 15 ஆண்டுகள் கழித்துப் பதிவைப் புதுப்பிக்கும்பொழுதுதான் சட்டப்படி முதல் ஆய்வு. இடையே புகைச் சான்று மட்டும் எடுக்கிறோம். அது புகையைப் பார்க்கும், பிரேக்கைப் பாராது. ஆக, நம் காருக்கு உரிமையாளரும் நாமே, ஓட்டுநரும் நாமே, கார்டும் நாமே, பரிசோதகரும் நாமே. நான்கு வேலையையும் ஒருவரே ஏற்றால், அவற்றுள் எந்த வேலை விடுபடும் என்பது அலுவலகத்தில் இருப்பவர்க்குத் தெரியாததன்று.

நம் காலனிச் சாலையில் மாலை வேளையில் நடந்து செல்வோர் எண் பலகைகளை நோக்கட்டும். ‘ஏபி’ என்று தொடங்குவன உண்டு. தெலங்கானா மாநிலம் பிறந்த 2014-க்குப்பின் வந்த ‘டிஎஸ்’ உண்டு. 2024 மார்ச்சுக்குப் பிறகு பதிவான ‘டிஜி’ உண்டு. ‘ஏபி’ பலகை தாங்கி நம் வாசலில் நிற்கும் உள்ளூர்ப் பதிவு வண்டிக்கு வயது பதினொன்றைத் தாண்டிவிட்டது. உரியவரைக் கேட்டால், ‘வயது இருக்கட்டும் ஐயா, ஓடியது நாற்பதாயிரம்தான்; புது வண்டி மாதிரி’ என்பார். இவ்வுரையில் நாம் மறுக்க வந்தது இந்தச் சொல்லைத்தான்.

காலனி வண்டியின் வாழ்க்கை எத்தகையது? அலுவலகத்திற்கு மெட்ரோவிலும் ஸ்கூட்டரிலும் செல்கிறோம். கார் வாரம் முழுதும் வெயிலில் நிற்கிறது. ஞாயிறன்று பத்மாராவ் நகர் ஸ்கந்தகிரி முருகன் கோயிலுக்கும், அங்கிருந்து அமீர்ப்பேட்டைக் கடைத் தெருவுக்கும் ஒரு நடை, அதனோடு சரி. இவ்வாறு நின்றே கழிந்த வண்டியின் வயதை மீட்டர் காட்டுவதில்லை. ரப்பர் நின்றபடியே முதிர்கிறது. பாட்டரி நின்றபடியே சோர்கிறது. பிரேக் திரவம் நின்றபடியே நீரை உறிஞ்சுகிறது. திங்கள்தோறும் ஆயிரம் கி.மீ. ஓடும் வண்டியில் குறை உடனுக்குடன் தலை காட்டும்; ஓட்டுபவரும் உடனே பழுது பார்ப்பார். நம் வண்டியிலோ குறை ஒளிந்தே இருந்து, அனந்தப்பூரைத் தாண்டியபின் வெளிப்படும்.

முதலில் டயரை எடுத்துக்கொள்வோம். ஊருக்குப் புறப்படும் அன்று நம் இல்லங்களில் ஒரு சடங்கு நிகழ்கிறது. நான்கு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைக்கிறோம். அது வேண்டாம் என்று சொல்ல நாம் எழவில்லை. நம் வீட்டிலும் வைக்கிறோம். ஆனால் ஆண்டு முழுவதிலும் குடும்பத்தார் சக்கரத்தருகே குனிவது அந்த ஒரு முறைதான்! குனிந்த குனிவில், டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டக் கட்டத்துள் பொறித்திருக்கும் நான்கு இலக்கங்களைப் படித்தல் கூடாதா? 2319 என்றிருப்பின் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் வார்த்த டயர் என்று பொருள். 5 ஆண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் அறிந்தவரிடம் காட்ட வேண்டும். 10 ஆண்டு கடந்ததைப் பார்வைக்கு எத்துணை நன்றாயிருப்பினும் கழற்றிவிட வேண்டும் என்பது டயர் செய்வோரே கூறும் அறிவுரை. பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ. அளவுக்குத் தேய்ந்ததும் டயரின் ஆயுள் முடிந்தது. அதனைக் காட்டும் சிறு மேடுகள் பள்ளத்தினுள்ளேயே அமைந்துள்ளன. காலனி வண்டிகளில் பெரும்பாலும் பள்ளம் நன்றாயிருக்கும். பக்கச் சுவரில்தான் மயிரிழை வெடிப்புகள் ஓடும். அவற்றைக் காணப் பகல் வெளிச்சமும், கையால் தடவிப் பார்க்கும் பொறுமையும் போதும்.

அடுத்தது காற்று. டயர் வெடிப்பது காற்று மிகுந்ததால் என்று பலர் எண்ணி, நெடுஞ்சாலைக்குச் செல்லுமுன் சிறிது காற்றை இறக்கிவிடுகின்றனர். இது பெருந்தீங்கு. காற்றுக் குறைந்த டயரின் பக்கச் சுவர் சுழற்சிதோறும் மிகுதியாக மடிந்து நிமிர்கிறது. கம்பியை மாற்றி மாற்றி வளைத்தால் சூடேறுவது போல அதுவும் சூடேறுகிறது. பாரமும் வேகமும் வெயிலும் சேர்ந்தால் ரப்பரும் உள்நூலும் பிரிந்து டயர் சிதறுகிறது. எவ்வளவு காற்று வேண்டும் என்பது ஓட்டுநர் கதவுச் சட்டத்திலோ பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ அச்சிட்டிருக்கும். பல வண்டிகளில் அங்கே இரண்டு அளவுகள் காணப்படும்: இருவர் மூவர் செல்வதற்கு ஒன்று, முழுப் பாரத்திற்கு மற்றொன்று. ஊருக்குச் செல்லும் காருக்கு இரண்டாவதே உரியது. வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் அளக்க வேண்டும். நூறு கி.மீ. ஓடியபின் அளந்து, அழுத்தம் ஏறியிருக்கிறதே என்று இறக்கிவிடலாகாது. சூட்டில் அது ஏறுவது இயற்கை. நைட்ரஜன் நிரப்பினால் கவலையே இல்லை என்று காசு வாங்கும் இடங்களும் உண்டு. நாம் மூச்சு விடும் காற்றிலேயே நைட்ரஜன் 78 விழுக்காடு உள்ளது. எது நிரப்பினாலும் அளவு சரியாயிருத்தலே முதன்மை. நாமக்கல் லாரிக்காரர் வண்டியை நிறுத்தும் இடமெல்லாம், உதவியாள் இரும்புக் கழியால் டயரைத் தட்டிக்கொண்டே சுற்றி வருவதைக் கண்டிருப்பீர்கள். ரயில்வேச் சுத்தியலுக்கும் அக்கழிக்கும் நோக்கம் ஒன்றே. லட்சக்கணக்கில் கடன் வாங்கி வண்டி வாங்கியவர் தட்டிப் பார்க்கிறார். பெற்ற பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் நாம் தட்டிப் பார்ப்பதில்லை.

இனிப் பிரேக். இதனைச் சற்று விரித்தே சொல்ல விரும்புகிறோம். ஏனெனில் நம்மவர் செல்லும் வழியில் தொப்பூர் இருக்கிறது.

ரயிலில் உள்ள தானியங்கிக் காற்று பிரேக், வெஸ்டிங்ஹவுஸ் என்னும் அமெரிக்கர் 1870-களில் வகுத்த தத்துவம். அதில் காற்றுக் குழாய் அறுந்தால் பிரேக் தானே விழுந்து வண்டி நிற்கும். கெட்டாலும் காக்கும் ஏற்பாடு அது. காரின் பிரேக் அவ்வாறன்று. மிதியை அழுத்தினால் குழாயினுள் நிறைந்திருக்கும் திரவம் அவ்வழுத்தத்தைச் சக்கரத்திற்குக் கொண்டு செல்கிறது. திரவம் கசியாமலும் கொதிக்காமலும் இருக்கும் வரையில்தான் பிரேக் உண்டு. கசிவுக்குக் காவலாக இரட்டைக் குழாய் வழி அமைத்துள்ளனர். கொதிப்புக்கு அத்தகைய காவல் இல்லை. இத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் இயல்பினது. ‘டாட் 3’ எனப்படும் வகை, புதிதாயிருக்கையில் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதியாது நிற்க வேண்டும் என்பது அளவுவிதி. ஈரம் ஏறியபின் அவ்விதி கேட்பது 140 டிகிரியே. ‘டாட் 4’ வகைக்கு இவ்வெண்கள் 230, 155. இறக்கத்தில் பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் சக்கரத்தருகே வெப்பம் மிகுந்து, பழைய திரவம் கொதித்து நீராவிக் குமிழிகள் உண்டாகும். குமிழி அமுங்கும், திரவம் அமுங்காது. மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. ஆகவே திரவத்தை இரண்டாண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்கின்றனர். காலனியில் வாரம் பத்து கி.மீ. ஓடும் வண்டியில் எத்தனையாண்டுத் திரவம் இருப்பினும் ஒரு குறையும் தெரியாது. குறை தெரியுமிடம் மலையிறக்கம்.

தருமபுரியிலிருந்து சேலம் நோக்கிச் செல்கையில் மேட்டு நிலம் முடிந்து, தொப்பூர்க் கணவாயில் சாலை வளைந்து வளைந்து இறங்குகிறது. பெருஞ்சாலை, நல்ல தளம்; ஆதலின் மலை என்றே தோன்றாது. அதுவே அபாயம். 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் இவ்விறக்கத்தில் லாரிகள் கட்டுமீறி முன்சென்ற வாகனங்கள்மீது மோதி உயிர்கள் மாய்ந்ததை நாளேடுகளில் படித்தோம். மோதுண்ட கார்களில் இருந்தவர்கள் யாதொரு பிழையும் செய்யாதவர்கள். ஆகவே அங்கே நம் பிரேக் நன்றாயிருப்பது மட்டும் போதாது. கனரக வண்டிகளின் இடையில் அகப்படாமல் விலகிச் செல்லவும் வேண்டும். எந்தக் கியரில் ஏற வேண்டுமோ அந்தக் கியரிலேயே இறங்குக என்பது மலைச்சாலை ஓட்டுநர் மரபு. கியர் தானே மாறும் வண்டிகளிலும் கீழ்க் கியரில் நிறுத்தும் நிலை ஒன்று உண்டு. அது எது என்பதைப் புத்தகத்தைப் பார்த்து வீட்டிலேயே அறிந்துகொள்க. பெட்ரோலை மிச்சப்படுத்த எண்ணி இறக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிடுவோர் இன்றும் உளர். அவ்வாறு செய்தால் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கிட்டும் துணைவிசை அற்றுவிடும். மிச்சமாவது எத்துணைக் காசு என்று கணக்கிட்டுப் பார்க்கவும் வெட்கமாயிருக்கிறது.

வேகத்தையும் இங்கே சொல்லிவிடுவோம். மணிக்கு 80 கி.மீ. என்பதை 100 ஆக்கினால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது. பிரேக் அடக்க வேண்டிய ஆற்றலோ ஒன்றரை மடங்குக்கு மேலாகிறது. அதன்மேல் நாம் ஏற்றும் பாரம். போகும்போது பெட்டி படுக்கையும் பலகாரமும். திரும்பும்போது அரிசி மூட்டை, தேங்காய், நல்லெண்ணெய் டின், பாட்டி கொடுத்தனுப்பும் ஊறுகாய்ச் சாடி. சென்னை வழியே வருவோர்க்குச் சமவெளி. தொப்பூர் வழியே திரும்புவோர்க்கோ, இறங்கிய மலையை மிகுந்த பாரத்தோடு ஏற வேண்டும். இம்முறை சோதனை எஞ்சினுக்கு. ரேடியேட்டரில் கூலண்டுக்குப் பதிலாகக் குழாய்க் கிணற்று நீரை ஊற்றி வைத்திருப்போர் இப்போதே மாற்றிவிடுக. நம் ஊர்க் குழாய்க் கிணற்று நீர் இட்லிப் பானையில் படியவிடும் வெள்ளைப் படிவத்தைத் தாய்மார்கள் அறிவார்கள். அதுவே ரேடியேட்டரின் மெல்லிய குழல்களிலும் படிந்து அடைக்கிறது. வெப்பமுள் ஏறினால் ஓரமாக நிறுத்தி, ஆறும் வரை மூடியைத் திறவாதிருக்க வேண்டும்.

காரும் கையொப்பமும் ஆண்களுக்கே உரியன என்று எண்ண வேண்டாம். உலகில் முதன்முதலாகக் குடும்பத்தோடு நெடுவழி காரோட்டியவர் ஒரு தாய். 1888 ஆகஸ்டில், ஜெர்மனியில், கார்ல் பென்ஸ் என்பார் கண்டுபிடித்த மூன்று சக்கர மோட்டார் வண்டியை, அவரிடம் சொல்லாமலே எடுத்துக்கொண்டு, அவர்தம் துணைவியார் பெர்த்தா பென்ஸ் அம்மையார், மக்கள் இருவருடன், மன்ஹைமிலிருந்து தாய்வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கி.மீ.க்கு மேல் சென்றார். வழியில் எரிபொருட் குழாய் அடைத்துக்கொள்ள, தொப்பியில் செருகும் ஊசியால் குத்தி அடைப்பை நீக்கினார். எரிபொருளை மருந்துக் கடையில் வாங்கினார். மரத்தாலான பிரேக் கட்டை தேய்ந்தபோது, செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துத் தோல் அறையச் செய்தார். பிரேக்குக்கு உறையிடும் வழக்கம் அதிலிருந்து பிறந்தது என்பர். அவரும் சென்றது தாய்வீட்டுக்குத்தான் என்பதைத் தாய்மார்கள் கவனிக்க. நம் காலனியில் கார் ஓட்டும் பெண்மணிகள் பலர் உளர். ஸ்டெப்னி மாற்றப் பழகியவர் எத்தனை பேர்? ஆண்களுள் எத்தனை பேர் என்று திருப்பிக் கேட்டாலும் அவையில் மௌனமே நிலவும். சக்கர நட்டுகளைக் கடையில் காற்று இயந்திரத்தால் இறுக்கிவிடுகின்றனர். வண்டியோடு வந்த சிறு ஸ்பானருக்கு அவை அசைவதில்லை. இதனை நள்ளிரவில் பெனுகொண்டா அருகே அறிவதைவிட, ஞாயிறு காலையில் நம் வாசலில் அறிவது நலம். சில வண்டிகளில் ஸ்டெப்னி சிறியது. அதனை மாட்டியபின் 80 கி.மீ. வேகத்தைத் தாண்டலாகாது.

பாரத்தைக் கட்டும் முறையிலும் கருத்து வேண்டும். பின்கண்ணாடியை மறைத்துக் கூரை வரை பைகளை அடுக்கினால் ஓட்டுநர் பாதிக் குருடர் ஆகிறார். பின் இருக்கைக்கு மேலுள்ள பலகையில் எவர்சில்வர்த் தூக்கை வைத்தால், வண்டி சட்டென நிற்கும்போது தூக்கு நில்லாது. வண்டி சென்ற வேகத்திலேயே முன்னே பாயும். குழந்தையும் அவ்வாறே. மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டால் போதும் என்பது தாயன்பின் துணிவு. எந்தக் கைக்கும் அவ்விசையைத் தாங்கும் வலு இல்லை. தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பர் 4 அன்று பால்கர் அருகே விபத்தில் இறந்தபோது பின் இருக்கையில் இருந்தார், பெல்ட் அணிந்திருக்கவில்லை. விலை மிகுந்த காரும் காக்கவில்லை. 14 வயதுக்குட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இன்றி ஏற்றிச் சென்றால் 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி 1,000 ரூபாய் அபராதம். நம் கார்கள் பலவற்றில் பின் பெல்ட்டின் கொக்கி, இருக்கை உறையின் அடியில் புதைந்து கிடக்கிறது. அதனை வெளியே எடுத்து வைப்பதும் வண்டியை ஆயத்தம் செய்வதில் சேர்ந்ததே.

ஆவணங்கள் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, ஓட்டுநர் உரிமம், ஃபாஸ்டாக் ஆகியவற்றின் முடிவு நாளைப் பார்த்துக்கொள்க. 1033 என்பது தேசிய நெடுஞ்சாலை உதவி எண். ஓட்டுபவர் கைப்பேசியில் மட்டுமன்றி உடன் வருவோர் கைப்பேசியிலும் அது இருக்கட்டும்.

வண்டியில் நாம் பரிசோதியாது விடும் உறுப்பு இன்னும் ஒன்றுண்டு. அவர் ஓட்டுநர். இரவு 10 மணிக்குப் புறப்பட்டால் விடிந்ததும் பெங்களூரு என்பது நம்மவர் கணக்கு. அலுவலகம் சென்று வந்து, மூட்டை கட்டி, அதன்மேல் இரவு முழுதும் ஓட்டுவது. இதே சாலையில், 2013 அக்டோபர் 30 அன்று பாலெம் அருகே ஒரு பேருந்து தீப்பற்றி 45 பேர் மாண்டனர். 2025 அக்டோபர் 24 அன்று கர்நூல் அருகே மற்றொரு பேருந்து எரிந்தது. காரணங்கள் வெவ்வேறு, வேளை மட்டும் இரண்டிலும் விடியாத வேளை. மனித உடல் உறக்கத்தை நாடி விழும் வேளையும் அதுவே. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-இல் இயற்றப்பட்டது. கூலிக்கு ஓட்டுபவருக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரம்தான் வேலை, 5 மணிக்கு மேற்படாமல் அரைமணி ஓய்வு என்று அது விதித்தது. பிறர் குடும்பத்தை ஏற்றிச் செல்பவருக்குச் சட்டம் தந்த ஓய்வை, தன் குடும்பத்தை ஏற்றிச் செல்பவர் தமக்குத் தாமே மறுத்துக்கொள்கிறார்! ஒருவரே ஓட்டுவதாயின் முதல் நாள் உறங்கி எழுந்து விடியற்காலையில் புறப்பட்டு, சிக்கபள்ளாப்பூர் அளவில் மாலையில் தங்கி, மறுநாள் அதிகாலையில் நெரிசலுக்கு முன் பெங்களூருவைக் கடப்பதே தக்கது. ஓரிரவு விடுதிச் செலவு கூடும். பாட்டி வீட்டுக்கு ஒரு நாள் தாமதமாகும். இரண்டையும் பொறுக்கலாம்.

பழுது பார்ப்பதைப் புறப்படும் நாளுக்கு முந்திய மாலையில் செய்தல் ஆகாது. பழுது பார்த்த வண்டியிலும் பிழை நேரும். நட்டு இறுகாமலும், குழாய் பொருந்தாமலும் இருந்தால் முதல் நூறு கி.மீ.க்குள் அது வெளிப்படும். ஆகவே இரண்டு வாரம் முன்பே பணிமனைக்கு விடுக. திரும்பப் பெற்றதும் குடும்பத்தோடு யாதகிரிகுட்டாவுக்கு ஒரு முறை சென்று வருக. போக வர நூற்றைம்பது கி.மீ. அளவாகும், நரசிம்மர் தரிசனமும் ஆகும், வண்டிச் சோதனையும் ஆகும். திரும்பியதும் வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்ச் சொட்டு உண்டா என்று மறுநாள் காலை தரையைப் பார்க்க வேண்டும். பிறகு, புறப்படும் அன்று, ரயில் ஓட்டுநர் செய்யும் ஒன்றை நாமும் செய்யலாம். நிலையம் விட்டு நகர்ந்ததும், வேகம் எடுக்குமுன், பிரேக்கை இட்டு அதன் பிடியை அவர் உணர்ந்து பார்ப்பார். அனைவரும் ஏறி, மூட்டையும் ஏறியபின், காலனி வாயிலைக் கடக்குமுன் மெல்லிய வேகத்தில் ஒரு முறை நன்றாக அழுத்திப் பார்த்துக்கொள்க.

சங்கச் செயற்குழுவின் இசைவோடு ஓர் ஏற்பாடு செய்துள்ளோம். பொங்கலுக்கு மூன்று வாரம் முந்திய ஞாயிறு, காலை ஏழு மணிக்கு, நம் சங்க மண்டபத்தை அடுத்த திடலில், ஊருக்குச் செல்லவிருக்கும் வண்டிகளைக் கொண்டு வந்து நிறுத்தலாம். காற்று அளக்கும் கருவியும் டயர்ப் பள்ளம் அளக்கும் கருவியும் உறுப்பினர் இருவர் கொண்டு வருகின்றனர். பழுது பார்ப்பது அங்கே இல்லை, பார்ப்பது மட்டுமே. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு தாள் தருவோம். டயர் பிறந்த ஆண்டு, காற்றின் அளவு, பிரேக் திரவம் மாற்றிய நாள், பாட்டரியின் வயது, ஸ்டெப்னியின் நிலை, பின் பெல்ட்டுகள் என்பன அதில் இருக்கும். அடியில் கையொப்பத்திற்கு இரண்டு இடங்கள். ஒன்று ஓட்டுபவருக்கு. மற்றொன்று, அந்த வண்டியில் உடன் செல்லவிருக்கும் வேறொருவருக்கு. மனைவியாகலாம், தகப்பனாராகலாம், பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளாகலாம். தாமே பார்த்தபின்தான் அவர் ஒப்பமிட வேண்டும். நிரப்பாத கட்டம் இருந்தால் ஒப்பமிடாமல் திருப்பித் தர அவருக்கு முழு உரிமை உண்டு.

வருவோர் டிக்கியைக் காலி செய்து கொண்டு வருக. பெரும்பாலான வண்டிகளில் ஸ்டெப்னி அதற்கு அடியில்தான் இருக்கிறது.